பத்து எழுத்து

ரவுட்டர் கேட்டு வருகிறவர்களிடம்
விலையை நான் முதலில் சொல்வதில்லை.
வீட்டில் எத்தனை சுவர், என்பேன்.
எவருக்கும் தெரிவதில்லை.
இதே குதாயிசியில் பிறந்து
ஒரே வீட்டில் நரைத்தவர்களும்
கண்ணை மூடிக்கொண்டு விரல்விட்டு எண்ணுகிறார்கள்,
சமையலறை ஒன்று, குளியலறை இரண்டு,
தடுமாறி நிற்கிறார்கள்,
மறுபடி வாசலிலிருந்து நடக்கிறார்கள்.

நுக்சார் எண்ணவில்லை.
என் பில் புத்தகத்தை இழுத்துத் திருப்பிப்போட்டு
ஒரு செவ்வகம் வரைந்தார்.
நடுவில் ஒரு கோடு.
அதன்மேல் இன்னொரு தடவை, இன்னொரு தடவை.
தாள் கிழிந்தது.
"இதைத் தாண்டக் கூடாது."

ஆறு வருஷத்துக்கு முன்
அண்ணனும் தம்பியுமாகக் கூடத்தை வகுந்து
எழுப்பிய சிமெண்ட் கல் சுவர்.
பியானோ யார் பக்கம் என்று கோர்ட்டு வரை போய்
கடைசியில் வக்கீல் வீட்டில் இருக்கிறது பியானோ.

பத்திரத்தைப் படித்துப் பார்த்து
எல்லையில் நிற்கிற அலை
இன்னும் கடைக்கு வரவில்லை மாமா, என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

ஆறு கொம்பு முளைத்த பெட்டியைக் காட்டினேன்.
(இதைத்தான் எல்லோரும் தடவிப் பார்ப்பார்கள்.
கொம்பை வளைத்துப் பார்ப்பார்கள்.
பிறகு விலையைப் பார்ப்பார்கள்.)
வேண்டாம் என்றார்.
இரண்டு கொம்பு போதும்.

இதற்குள் இரண்டு அலை, என்று விளக்கினேன்.
ஒன்று மெதுவாகப் போகும், ஆனால்
சுவர் கதவு பார்க்காமல் போய்க்கொண்டே இருக்கும்.
மற்றது வேகம். ஆனால் நோஞ்சான்.
கல்லைக் கண்டால் பாதி உயிர் போய்விடும்.
"மெதுவானதை அணைத்துவிடு."
அணைத்தேன்.

பெயர் என்ன வைக்கட்டும்?
பெயருக்கு முப்பத்திரண்டு இடம் தருகிறது பெட்டி,
ஆங்கிலத்துக்கு எழுத்துக்கு ஒன்று.
எங்கள் ஜார்ஜிய எழுத்து ஒன்று
மூன்று இடத்தில் சம்மணமிட்டு உட்காரும்.
ஆகப் பத்து எழுத்து, ஒரு இடைவெளி.
அவ்வளவில் அடக்க வேண்டும் சண்டையை.
அவர் யோசிக்கவே இல்லை.
'தெங்கிஸுக்கு அல்ல.'
எங்கள் மொழியில் எண்ணிப் பார்த்தேன்,
அச்சாகப் பத்து.

குளிர் வந்த பிறகு
நீட்டிப்பு வயர் வாங்க வந்தாள் தெங்கிஸின் மனைவி எதேரி.
இருமிக்கொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருமினாள்.
எங்கள் வீட்டு ரவுட்டருக்கும் இப்போது பெயர் மாறிவிட்டது, என்றாள்.
'யார் கேட்டது.'
மறுநாள் அந்தப் பக்கத்திலிருந்து 'கூரை ஒழுகுது.'
இந்தப் பக்கம், 'உன் பாதி.'
அந்தப் பக்கம், 'ஓடு உன்னது.'
ஒவ்வொரு தடவை பெயர் மாறும்போதும்
இணைப்பு அறுந்துபோய்
என் மகள் பரீட்சைக்கு நடுவில் கத்துகிறாள்.
அவரோ சுவருக்கு இப்பால் சரியாகத் தெரியாமல்
பால்கனியின் நுனிக்குப் போய்
ரியோனிக் காற்றில் போனைத் தூக்கிப் பிடித்து நிற்கிறார்,
ஒரே ஒரு கோடு சிக்னல்,
அண்ணன் இன்று என்ன வைத்திருக்கிறார் என்று.

வயருக்குக் காசு கொடுக்கும்போது
மறுபடி இருமல்.
நெஞ்சில் சளி, படம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், என்றாள்.

பிப்ரவரியில் நுக்சார் வந்தார்,
பெட்டியை அட்டையோடு கொண்டுவந்து மேசையில் வைத்தார்.
மாற்றித்தர முடியுமா?
பதினான்கு நாள்தான் மாமா, அது நவம்பரோடு போயிற்று.
என்ன கோளாறு?
கொம்பு ஒன்றைத் திருகினார்.
"பேர் வைத்து நான்கு நாள் ஆகிறது.
அந்தப் பக்கம் எட்டவில்லைபோல."

செருகிப் பார்த்தேன்.
'எப்படி இருக்கு', ஒன்பது எழுத்து.

எதுவும் வாங்க வேண்டாம், என்றேன்.
அணைத்து வைத்த அலை உள்ளேதான் கிடந்தது.
ஒரு சின்னக் கட்டம். தொட்டேன். நீலமானது.
எவ்வளவு, என்று பர்ஸை எடுத்தார்.
ஒன்றுமில்லை.
நம்பாமல் பெட்டியைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்துவிட்டு
மழைக்குள் போனார்.

அடுத்து நின்ற பையனுக்குப் பொறுமை இல்லை.
அக்கா, விளையாட்டுக்கு எது நல்லது?
உன் வீட்டில்
எத்தனை சுவர், என்றேன்.